நான்கு டிராக்கில் ஒரு பாட்டு: வீட்டு ஒலிப்பதிவுக்கு ஒரு பழைய இண்டி ராக் குழு வழியே அறிமுகம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் 1983இல் தொடங்கிய கைடட் பை வாய்சஸ் என்ற இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) குழு, தன் தொடக்ககால இசைத்தட்டுகளைச் சொந்தச் செலவில் வெளியிட்டுவந்தது. பாட்டெழுதிப் பாடிய ராபர்ட் பொல்லார்ட் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1994இல் வந்த 'பீ தவுசண்ட்' தொகுப்புதான் அவர்களைப் பரவலாக அறியச் செய்தது. அதன் பெரும்பகுதி வீட்டு நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும், கேசட்டில் பதியும் நான்கு டிராக் (தனித்தனியாகப் பதியக்கூடிய ஒலித்தடம்) கருவிகளைக் கொண்டு உருவானது. வீட்டில் பாட்டுப் பதியத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது.

முதல் படி, கேட்பது. சுமார் 36 நிமிடங்களில் 20 பாடல்கள் கொண்ட அந்தத் தொகுப்பை ஒருமுறை இடைவிடாமல் கேளுங்கள். பிறகு ஏதேனும் ஒரு பாடலை ஹெட்போனில் மீண்டும் போட்டு, எத்தனை கருவிகள், எத்தனை குரல்கள் என்று தாளில் எழுதுங்கள். பட்டியல் வியக்கத்தக்க அளவு சிறியதாக இருக்கும். முதல் பாடலில் கிட்டார் ஓரிடத்தில் சட்டென்று காணாமல் போய்த் திரும்பி வருவதையும் கவனியுங்கள். மெட்டு உறுதியாக நிற்பதால் பாட்டு அங்கே தடுமாறுவதில்லை.

அடுத்து, அந்த நான்கு டிராக் கருவி எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண கேசட்டில் பக்கத்துக்கு இரண்டு டிராக் வீதம் நான்கு உண்டு. டாஸ்காம் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியதோடு, தரம் கூடுவதற்காக நாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டியது. மூன்று டிராக்குகள் நிரம்பியதும் அவற்றைக் கலந்து நான்காவதில் பதிந்துவிட்டு, அந்த மூன்றையும் அழித்து மீண்டும் பயன்படுத்தலாம். இதற்கு பவுன்ஸ் செய்வது என்று பெயர். ஒவ்வொரு பவுன்ஸிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும். அதைவிட முக்கியமாக, கலந்தபின் டிரம்ஸின் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. ஆகவே பாதி வழியிலேயே முடிவெடுத்துத் தீர வேண்டும். அந்தக் கட்டாயத்தைத்தான் நாம் கடன் வாங்கப் போகிறோம்.

கணினியில் இலவச மென்பொருளான ஆடாசிட்டியை நிறுவி, நான்கு மோனோ (இடம், வலம் என்று பிரியாத ஒற்றை ஒலி) டிராக்குகளுக்கு மேல் திறப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், எதிரொலி இருந்தால் மைக்குக்கு எதிரில் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டால் போதும். மைக்கை வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள்; 'ப' போன்ற எழுத்துகளில் காற்று மோதும் சத்தம் குறையும். மிக உரக்கப் பாடும் இடத்திலும் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி உள்ளீட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முன் ஒரு சிறு சோதனை தேவை. சீரான தாளத்தில் தட்டும் மெட்ரோனோமின் ஒலியை ஹெட்போனில் கேட்டபடியே கைதட்டிப் பதியுங்கள். தட்டல் பின்தங்கித் தெரிந்தால், அந்த இடைவெளியை மென்பொருளின் லேட்டன்சி காம்பென்சேஷன் (தாமத ஈடு) அமைப்பில் சரிசெய்யுங்கள். இதைத் தவிர்த்தால் இரண்டாவது கருவியிலிருந்தே தாளம் பிசகும்.

இப்போது இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, முதல் டிராக்கில் கிட்டாரையும், இரண்டாவதில் தாளத்தையும், மூன்றாவதில் பேஸையும் (தாழ்ந்த சுரங்களின் பகுதி) பதியுங்கள். டிரம்ஸ் இல்லையென்றால் அட்டைப்பெட்டியைத் தட்டினாலும் தாளம் கிடைக்கும். மூன்றின் சத்தத்தையும் ஒத்துப்போகும்படி வைத்து, 'மிக்ஸ் அண்ட் ரெண்டர்' கட்டளையால் ஒன்றாக்குங்கள். மூலப் பதிவுகளைப் பத்திரப்படுத்தாதீர்கள் என்பது கொஞ்சம் கொடுமையான அறிவுரைதான், ஆனாலும் இந்தப் பயிற்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மிஞ்சும் மூன்று டிராக்குகளில் முதன்மைக் குரலும், துணைக் குரலும், பாட்டின் நடுவில் ஒரே ஒருமுறை வரும் கிட்டார் மெட்டும் அடங்கிவிடும்.

இறுதிக் கலவையில் துணைக் குரலைச் சற்று இடப்பக்கமும் அந்தக் கிட்டார் மெட்டை வலப்பக்கமும் நகர்த்தினால் முதன்மைக் குரலுக்கு நடுவில் இடம் கிடைக்கும். பழைய நாடாவின் இரைச்சலைச் செயற்கையாகச் சேர்க்கும் விளைவுகளைத் தொடாதீர்கள். டேட்டனில் அந்த இரைச்சல் கருவியின் குணமாக வந்ததே தவிர, யாரும் அதைத் தேடிப் போகவில்லை. பாட்டை வேவ் கோப்பாகச் சேமித்து, ஒருமுறை கைபேசியின் ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பாருங்கள். சொற்கள் புரியவில்லையென்றால் குரலின் அளவை மட்டும் கூட்டுங்கள்.

குழுவை மேலும் தொடர விரும்புவோர் 1992இல் வந்த 'புரொபெல்லர்' தொகுப்புக்குப் பின்னோக்கிச் செல்லலாம். முதலில் அச்சான 500 இசைத்தட்டுகளுக்கும் கையால் தனித்தனி உறை செய்து கொடுத்தார்கள். அதன்பின், 41 நிமிடங்களில் 28 பாடல்களை அடைத்துவைத்த 1995இன் 'ஏலியன் லேன்ஸ்' தொகுப்பைக் கேளுங்கள்.