குளோரின் வாடைக்குப் பயந்து நாம் செய்யும் தவறுகள்

குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறினால் இதைக் குடிக்கலாமா என்ற கவலை வரத்தான் செய்யும். அந்தக் கவலையில் பலர் எடுக்கும் முதல் முடிவே பெரிய தவறாகிவிடுகிறது. தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே கார்பன் ஃபில்டரை மாட்டி, குளோரினை முழுக்க எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் நாள்கணக்கில் சேர்த்து வைக்கிறார்கள்.

கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரினில் கொஞ்சத்தை வேண்டுமென்றே தண்ணீரில் மிச்சம் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். வழியில் குழாய் விரிசல் விட்டு, பக்கத்துச் சாக்கடை கசிந்தாலும் கிருமி பெருகக் கூடாது என்பதற்காக. ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரக்குறியீடு. உலக சுகாதார நிறுவனம் 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. நம் ஊரில் தண்ணீரின் பயணம் தெருக் குழாயோடு முடிவதில்லை. சம்ப், மோட்டார், மாடித் தொட்டி என்று இன்னும் போக வேண்டியிருக்கிறது. அதுவரைக்கும் காவல் வேண்டும். குளோரினை எடுக்க வேண்டிய இடம் சமையலறைதான், அதுவும் குடிக்கப்போகிற தண்ணீரிலிருந்து மட்டும்.

சரி, எடுக்கத்தான் வேண்டுமா? இந்த அளவு குளோரின் விஷமல்ல. ருசி கெடும், சிலருக்குக் குளித்தபின் தோல் வறளும். யோசிக்க வேண்டியது வேறொன்று. ஏரித் தண்ணீரில் மக்கிய இலை தழைகளின் சத்து கரைந்திருக்கும். குளோரின் அதோடு சேரும்போது குளோரோஃபார்ம் போன்ற, டிரைஹாலோமீத்தேன்கள் என்ற வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. 1974இல் ரோட்டர்டாமில் யோஹானஸ் ரூக் என்பவர் இதைக் காட்டினார். பல ஆண்டுகள் இவை அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் குளோரின் கலந்த குடிநீர் புற்றுநோய் உண்டாக்கும் என்றோ உண்டாக்காது என்றோ வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று 1991இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்தது. குளோரின் இல்லாத அசுத்தத் தண்ணீரோ சில நாட்களிலேயே வாந்திபேதியைக் கொண்டுவந்துவிடும். ஆகவே வடிகட்டுவதற்குக் காரணம் உண்டு, ஆனால் பீதிக்குக் காரணம் இல்லை.

வாடையை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு. நேரே தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீரில் வழக்கமான லேசான வாடை ஒருநாள் திடீரென்று காணாமல் போனால் சந்தோஷப்படாதீர்கள். அழுக்கு கலந்து குளோரின் தீர்ந்துபோயிருக்கலாம். அன்றைக்குக் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க, பஞ்சாயத்துத் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் என்ற சின்னச் சோதனைக் கருவி போதும். சின்னக் குழாயில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, ஆர்த்தோடாலிடின் என்ற சோதனை மருந்தைச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் உடனே மஞ்சளாகும். பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தால் வெளிர் மஞ்சள்கூடத் தெரியும். சம்ப்புக்குள் விழும் தண்ணீரில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பாருங்கள். முதலாவது மஞ்சள், இரண்டாவது நிறமே இல்லை என்றால் குளோரின் உங்கள் வீட்டுக்குள்தான் தீர்கிறது. பெரும்பாலும் தொட்டியின் அடியில் படிந்த சேறுதான் காரணம். சோதித்த தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், அந்த மருந்து உடம்புக்கு ஆகாது.

அடுத்த தவறு, குளோரினை எடுப்பதற்காக ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குவது. ஆர்ஓ உப்பை நீக்கத்தான். அதன் மெம்பிரேனையே, அதாவது உப்பை வடிகட்டும் மெல்லிய சவ்வையே, குளோரின் கெடுத்துவிடும் என்பதால் முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் வைத்திருப்பார்கள். குளோரினை எடுப்பது அதுதான். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, ஆர்ஓ கழித்து வெளியே தள்ளுவதில் நல்ல தண்ணீர் இவ்வளவு வீணாகிறதே என்றுதான். உங்கள் தண்ணீர் உப்பில்லாததாக இருந்தால் கார்பன் ஃபில்டரும், கிருமியைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கும் போதும். ஆனால் கார்பன் கார்ட்ரிட்ஜை வருஷக்கணக்கில் மாற்றாமல் விடாதீர்கள். குளோரின் இல்லாத அந்த ஈரத்தில் கிருமி சுகமாக வளரும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிடுங்கள்.

கொதிக்க வைத்தாலும் குளோரின் போய்விடும். அப்புறம் அந்தத் தண்ணீருக்குக் காவல் கிடையாது. பானையில் ஊற்றி, ஆளாளுக்குக் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் கொதிக்க வைத்ததற்கே அர்த்தமில்லை. குழாய் வைத்த பாத்திரமோ நீளக் காம்புள்ள கரண்டியோ வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு தொட்டி கழுவும்போது நடக்கிறது. பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில், கறை போகவில்லை என்று ஆசிட்டை ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சம்ப்புக்குள் அது ஆளையே கொன்றுவிடும். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றதைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பவருக்குக் கண் எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியே வரச் சொல்லுங்கள். மயங்கிவிட்டால் நீங்கள் இறங்கிவிடாதீர்கள். 108ஐயும் தீயணைப்புத் துறையையும் கூப்பிடுங்கள்.