60,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு?

கடைக்குப் போய் "60 ஆயிரத்துக்கு ஒரு கேமிங் பிசி போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், அங்கே எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வரும். பாகங்களின் பட்டியலை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அக்கா மகனுக்காக இந்த வேலையை முழுதாகச் செய்து முடித்த கையோடு, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். ஸ்க்ரூ முடுக்குவது, விண்டோஸ் ஏற்றுவது எல்லாம் இதில் வராது. அதற்கு வீடியோக்கள் ஏராளம். எதை வாங்குவது என்கிற இடத்தில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள்.

1. பணம் எதற்கு என்று முதலில் எழுதுங்கள்

60 ஆயிரம் என்பது நம் ஊரில் "சிபியூ" என்று சொல்கிற பெட்டிக்கு மட்டுமா, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், யூபிஎஸ் எல்லாம் சேர்த்தா? இதை வீட்டில் பேசி முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இரண்டுக்கும் நடுவே எளிதாக 20 ஆயிரம் வித்தியாசம் வரும். இந்தக் கட்டுரையில் 60 ஆயிரம் பெட்டிக்கு மட்டும். இன்னொன்று, கடையில் சொல்லும் விலை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்ததா என்று முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். பில் இல்லாத கிராபிக்ஸ் கார்டு ஒரு வருடத்தில் படுத்துவிட்டால் வாரண்டி கேட்டு நிற்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

2. திரையும் விளையாட்டும்

இந்த பட்ஜெட்டுக்குச் சரியான திரை 1080பி, அதாவது 1920×1080. 1440பி மானிட்டரை ஆசைப்பட்டு வாங்கினால் கிராபிக்ஸ் கார்டு முக்கால் பங்கு கூடுதலாக புள்ளிகளை வரைய வேண்டியிருக்கும்.

பிறகு, பையன் எதை விளையாடப் போகிறான்? வேலோரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி விளையாட்டுகள் என்றால் பிராசஸரின் பங்கு பெரிது. நல்ல பிராசஸர் இருந்தால் நடுத்தர கார்டிலேயே நொடிக்கு 144 பிரேமை, அதாவது 144 படங்களைத் தாண்டும். சைபர்பங்க் 2077 மாதிரி கதை விளையாட்டு என்றால் கார்டுதான் எல்லாம். எல்டன் ரிங் போன்றவை பிசியில் 60 பிரேமோடு பூட்டப்பட்டவை. அதை மட்டுமே விளையாடுகிறவர் நொடிக்கு 165 முறை படம் மாற்றும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

3. கிராபிக்ஸ் கார்டு

பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 40 சதவீதம் வரை இதற்கு ஒதுக்குங்கள். என் தேர்வு ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்த கார்டுதான், ஆனாலும் 8 ஜிபி மெமரி, 132 வாட் மின்சாரம், 1080பி-க்குக் கச்சிதம். இன்னும் சில ஆயிரம் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060 பாருங்கள், அது 115 வாட்டில் ஓடும்.

பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் உண்டு. 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் குறைந்திருப்பது மெமரி மட்டுமல்ல. கோர்கள் 2560-லிருந்து 2304 ஆகவும், மெமரி பஸ் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் குறைந்திருக்கின்றன. அதற்கும் ஒரு பயன் உண்டு: 70 வாட்தான் எடுக்கும், தனி பவர் கேபிள் தேவைப்படாது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகி விளையாட நினைப்பவருக்கு அது நல்ல கார்டு. புதிதாக ஒரு பிசி கட்டுகிறவருக்கு வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதை, 12 ஜிபி வேறு, 8 ஜிபி வேறு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவு என்று கண்ணில் படும். 4 ஜிபி மெமரி, கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐஇ லேன் நான்கே. பழைய தலைமுறையான பிசிஐஇ 3 போர்டில் போட்டால் இன்னும் சுணங்கும். தவிர்த்துவிடுங்கள்.

4. பிராசஸரும் மதர்போர்டும்

ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டும் 6 கோர், 12 த்ரெட். எது மதர்போர்டோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். எனக்கு 5600 பிடிக்கும், பெட்டியிலேயே கூலர் வருகிறது, 65 வாட் சிப் என்பதால் சென்னை வெயிலிலும் அந்தக் கூலர் சமாளிக்கிறது.

கவனிக்க வேண்டியது: இந்த இரண்டு சிப்பிலும் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வருவதற்குள் கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்த்தால் திரையில் ஒன்றும் தெரியாது. "இப்போதைக்கு பிராசஸர், அடுத்த வருடம் கார்டு" என்பவர்கள் 5600ஜி வாங்குங்கள். ஆனால் அது பிசிஐஇ 3 வரைதான் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ரைசனுக்கு மதர்போர்டில் பி550. பி450 ஓராயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், கடையில் பல நாள் கிடந்த போர்டாக இருந்தால் அதன் பயாஸுக்கு (போர்டை இயக்கும் உள்மென்பொருளுக்கு) 5000 வரிசை சிப் தெரியாது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பெட்டியின் மேல் "ரைசன் 5000 ரெடி" என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பிராசஸர் இல்லாமலே பென் டிரைவில் பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் வசதி உள்ள போர்டாக வாங்குங்கள், அல்லது கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். இன்டெல் பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு பொறி: 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டு, மெமரியின் தலைமுறையைப் பொறுத்து டிடிஆர்4 என்றும் டிடிஆர்5 என்றும் தனித்தனியாக வருகிறது. மாற்றி வாங்கினால் மெமரி ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

ரைசனின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போகலாமே என்று கேட்பீர்கள். ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும்தான், போர்டும் விலை கூடுதல். 60 ஆயிரத்தில் அதற்குப் போனால் கார்டில்தான் வெட்டு விழும். 80 ஆயிரம் இருந்தால் யோசிக்காமல் ஏஎம்5.

5. எஸ்எம்பிஎஸ்: இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்

வீட்டு மின்சாரத்தை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கும் பவர் சப்ளைதான் எஸ்எம்பிஎஸ். எனக்கு அதிக நேரம் பிடித்த பாகம் இது. விலையில் சின்னது, ஆனால் இது கெட்டால் கூடவே மற்றதையும் கெடுத்துவிட்டுப் போகும். அக்கா மகனுக்காக வாங்கிய முதல் கொட்டேஷனில் "கேபினெட் வித் 450 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தது.

அந்தக் கணக்கைப் போடத் தெரிந்துகொள்ளுங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது +12 வோல்ட் வழியில்தான். 12 × 14 = 168 வாட். பெட்டியின் மேல் 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது இந்த 168 மட்டுமே. ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ரைசன் 5600 முழு வேகத்தில் 76, போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஒரு 50 என்று வைத்தால், சுமார் 260 வாட். அந்த எஸ்எம்பிஎஸ் மேசையில் விண்டோஸ் திறக்கும், யூடியூப் ஓட்டும். கேம் ஏறியதும் பொட்டென்று அணைந்துவிடும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் லேபிளில் +12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால், பெட்டியில் எழுதிய வாட்டுக்கு ஏறக்குறைய சமமாக வரும். இதுதான் சோதனை. 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze), 5 வருட வாரண்டி. இந்த மூன்றும் உள்ளதைக் கேளுங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே, தரத்துக்கு முழு உத்தரவாதம் ஆகாது. அதனால்தான் வாரண்டியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். தன் பொருள் மேல் நம்பிக்கை இல்லாத கம்பெனி 5 வருடம் எழுதிக் கொடுக்காது.

கேபிளையும் பாருங்கள். பிராசஸருக்கான 8 பின் கேபிள் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அழுத்திச் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸில் 6+2 கேபிளே இல்லை, "சாட்டா கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வாங்காதீர்கள். சாட்டா பின் அந்த அளவு மின்சாரத்துக்குச் செய்யப்பட்டதில்லை, சூடேறி உருகும்.

6. மீதி

மெமரி 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி இரண்டாக. ஒற்றை 16 போட்டால் மெமரி ஒரே சேனலில் ஓடி பிரேம் குறையும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். எஸ்எஸ்டி, போர்டின் எம்.2 ஸ்லாட்டில் செருகும் என்விஎம்இ வகையில் 1 டிபி. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது. ஹார்டு டிஸ்க் இப்போதைக்கு வேண்டாம். கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை உள்ளதை எடுங்கள். வண்ண விளக்கு இரண்டு குறைந்தாலும் காற்று உள்ளே போகட்டும்.

நான் வைத்த உச்சவரம்பு: கார்டு 22,000, பிராசஸர் 10,000, போர்டு 8,500, மெமரி 4,500, எஸ்எஸ்டி 5,000, எஸ்எம்பிஎஸ் 5,000, கேபினெட் 3,500. மொத்தம் 58,500. மிச்சம் 1,500 கூடுதல் விசிறிக்கும் ஆட்டோ செலவுக்கும்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போகும் முன் ஆன்லைன் விலையைக் குறித்துக்கொண்டு போங்கள். குறைந்தது மூன்று கடையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், மாடல் எண் முழுதாக இருக்க வேண்டும். "8 ஜிபி கார்டு", "550 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மொட்டையாக எழுதினால் திருப்பிக் கொடுத்து முழுப்பெயரை எழுதச் சொல்லுங்கள். பில்லில் சீரியல் நம்பரும் ஏற வேண்டும்.

பிறகு சேர்த்தது: மெமரி விலை

2025 கடைசியில் மெமரி விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி கேட்டு வரிசை நிற்பதால், தயாரிக்கும் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மேலே நான் போட்ட 4,500 இனி போதாது, எதை வெட்டுவது என்று பலரும் கேட்கிறார்கள். என் பதில்: எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்குங்கள், போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கட்டும், அடுத்த வருடம் இன்னொன்று செருகலாம். கேபினெட்டில் ஆயிரம் குறையுங்கள். மெமரியை மட்டும் பழையதாக வாங்குவதும் தப்பில்லை. அதில் தேய்கிற பாகம் ஏதும் இல்லை. வாங்கியதும் மெம்டெஸ்ட்86 ஓட்டிப் பிழை வருகிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்.

பிறகு சேர்த்தது: கட்டிய பின் வந்த கேள்விகள்

"கார்டு போட்டும் படம் வரலை." மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கீழே, கார்டின் பின்பக்கத்தில் செருகுங்கள்.

"144 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஆனா வித்தியாசமே தெரியலை." விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-லேயே நிற்கும். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவில் போய் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

மெமரியில் 3200 என்று எழுதியிருந்தாலும், பல மெமரிகள் பயாஸில் எக்ஸ்எம்பி (மெமரியை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடும் வரை 2133, 2400 என்று மெதுவாகத்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும்.

விண்டோஸ் 11-ல் வேலோரண்ட் திறக்க மறுத்தால், பயாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் ஆன் செய்யுங்கள். ஏஎம்டி போர்டில் டிபிஎம், எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும்.

யூபிஎஸ் பற்றி நிறைய பேர் கேட்டார்கள். 600 விஏ என்று விற்பவற்றில் பல 360 வாட்தான் தாங்கும். 260 வாட் பெட்டியோடு மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில்தான் நிற்கும். 1000 விஏ பக்கம் போவது நல்லது. கரண்ட் போனதும் கேமைச் சேமித்து அணைக்க அவகாசம் கிடைத்தால் போதும், தொடர்ந்து விளையாட அல்ல.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக சுரீர் என்கிறதா? பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கோளாறு இருக்காது, உங்கள் பிளக் பாயிண்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டி, எர்த் கம்பி வழியாக இறக்க வேண்டிய கசிவு மின்சாரத்தை இறக்க இடமில்லாமல் உலோகப் பெட்டியில் விட்டுவிடுகிறது. மூன்று பின் பிளக்கின் மேல் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் வேலையைச் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்தப் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாகும் வரை பெட்டியை ஆன் செய்ய வேண்டாம்.