ரயில் கழிவறை நாறுகிறதா? புகார் இப்படிப் போடுங்கள்

முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, கழிவு அடைத்து நிற்கிறதா, வெறும் அழுக்கா? மூன்றுக்கும் வரும் ஆள் வேறு. தண்ணீர் தீர்ந்தால், குழாய் வசதியுள்ள அடுத்த பெரிய ஸ்டேஷனில்தான் நிரப்ப முடியும். அடைப்பு என்றால் பெரும்பாலும் யாரோ போட்ட பாட்டில், குட்கா பாக்கெட், நாப்கின். பயோ டாய்லெட்டின் (கழிவை நுண்ணுயிரிகள் மட்கச் செய்யும் தொட்டியுள்ள கழிவறை) வளைகுழாயில் அது சிக்கினால், எத்தனை வாளி ஊற்றினாலும் கீழே இறங்காது. அழுக்கு மட்டும்தான் என்றால், துப்புரவு ஊழியர் உள்ள வண்டியில் உடனே சுத்தம் செய்து தருவார்கள். அவர்கள் வேலை நேரம் பொதுவாகக் காலை 6 முதல் இரவு 10 வரை. அதனால் படுக்கப்போகும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ரயில்வேயின் புகார் செயலியான ரயில் மதத்தில் (RailMadad), அல்லது ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்துப் புகார் பதியலாம். பிஎன்ஆர் கையில் இருக்கட்டும். முன்பதிவில்லாப் பயணிக்கு டிக்கெட்டில் உள்ள யுடிஎஸ் எண். "கோச் மோசம்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "எஸ்4, 72-ம் பெர்த் பக்கம், இடது கழிவறை, கழிவு அடைப்பு" என்று எழுதுங்கள். படம் ஒன்று போதும். அதில் கதவும் தெரியட்டும்.

வேலையே நடக்காமல் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருவதுண்டு. இதுதான் எரிச்சல். உடனே கருத்துப் பகுதியில் திருப்தியில்லை என்று பதிந்துவிட்டு, புதுப் படத்தோடு மறுபடி புகார் போடுங்கள். புகார் எண்ணை டிடிஇயிடமும் காட்டுங்கள்.