கல்வி உறவைத் துண்டிக்கக் கோரும் மனுவை எழுதுவது எப்படி?

எங்கோ போர் மூண்டால் "அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு நமக்கு இன்னும் ஏன் ஒப்பந்தம்?" என்ற கேள்வி இங்கே சிங்கப்பூரிலும் எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் "எல்லா உறவையும் உடனே முறியுங்கள்" என்று எழுதினால் எந்த நிர்வாகமும் அதை எடுத்துப் பேசாது. எந்த உறவை, எப்போது, எதுவரை என்று மனுவில் இருக்க வேண்டும்.

முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். மாணவர் பரிமாற்றம், கூட்டுப் பட்டம், கூட்டு ஆய்வு, நிதி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒப்பந்தம் முடியும் நாள், பணம் தருபவர், பாதியில் நிற்கப்போகும் மாணவர்கள், ஆய்வின் பயன் ராணுவத்துக்குப் போகிறதா என்ற விவரங்களை எதிரே நிரப்புங்கள். சிங்கப்பூரில் தகவல் உரிமைச் சட்டம் இல்லை. ஆகவே ஆண்டறிக்கையைப் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் வெளியுறவு அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள். கிடைக்காத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். ஊகித்து எழுதிய ஒரு வரி பொய்யானால் முழு மனுவும் சரிந்துவிடும்.

அடுத்து, காரணம். நாட்டின் பெயர் மட்டும் போதாது, அந்த நிறுவனம் என்ன செய்தது என்று காட்டுங்கள். 2022 மார்ச்சில் ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சங்கம் 12 ரஷ்ய உறுப்பினர்களை இடைநீக்கியது, அவற்றின் தலைவர்கள் உக்ரேன் படையெடுப்பை ஆதரித்துக் கையெழுத்திட்டதால். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்ன் 2024 நவம்பர் 30இல் ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஆனால் ரஷ்யாவில் இருந்தாலும் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் டுப்னா ஆய்வு மையத்துடன் உறவைத் தொடர்ந்தது. இப்படிப் பிரித்துப் பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து. தனிப்பட்ட ஆய்வாளரை அவர் கடவுச்சீட்டுக்காக ஒதுக்கக் கூடாது. தன் அரசை எதிர்க்கும் பேராசிரியருக்குத்தான் வெளித்தொடர்பு அதிகம் தேவை.

அவகாசமும் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் 2010 செப்டம்பரில் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்துக்கு நிபந்தனை விதித்து ஆறு மாதம் காத்திருந்தது. பிறகே, 2011 மார்ச்சில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது.

பலர் மறப்பது, உறவை மீட்கும் வழி. முதல் உலகப் போருக்குப்பின், 1919இல் தொடங்கிய அனைத்துலக ஆராய்ச்சி மன்றத்தில் ஜெர்மனிக்கு இடமில்லை. 1926இல் கதவைத் திறந்தபோது ஜெர்மனி உள்ளே வர மறுத்துவிட்டது. எனவே கோரிக்கை வரி இப்படி அமையட்டும்: "கூட்டு ஆய்வு ஒப்பந்தம் காலாவதியானதும் புதுப்பிக்க வேண்டாம். அதிலுள்ள முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு முடியும்வரை உதவித்தொகையும் வழிகாட்டலும் தொடரட்டும். 12 மாதத்தில் முடிவை மறுஆய்வு செய்க."

எதிர்வாதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அமெரிக்கப் பேராசிரியர் சங்கமே 2005இல் கல்விப் புறக்கணிப்பை எதிர்த்துவிட்டு, 2024 ஆகஸ்டில் அந்த நிலையைத் தளர்த்தியது.

சட்டத்தில் கவனம் தேவை. பொது ஒழுங்குச் சட்டத்தின்படி, ஒரே ஒருவர் பதாகை பிடித்து நின்றாலும் போலிஸ் அனுமதி வேண்டும். பொதுப்பேச்சுக்கென ஒதுக்கப்பட்ட ஹோங் லிம் பூங்காவிலும் இஸ்ரேல்-ஹமாஸ் போர் தொடர்பான நிகழ்ச்சிகளுக்கு 2023 அக்டோபரில் அனுமதி மறுக்கப்பட்டது. இந்தியா, மலேசியாவிலிருந்து வந்து படிக்கும் நண்பர்களை இதில் இழுக்காதீர்கள், அவர்கள் மாணவர் அனுமதி அட்டைக்கே ஆபத்து வரலாம்.

மனு இரண்டு பக்கம், அட்டவணை ஒரு பக்கம். முதலில் துறைத்தலைவரிடமும் மாணவர் சங்கத்திடமும் கொடுத்துவிட்டு, அவர்கள் பதிலையும் இணைத்துப் பல்கலைக்கழகத் தலைவர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.