அம்மா பெயரில் பதக்கம் வைக்கும் முன்: பத்திரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் எனக்குத் தெரிந்த சில குடும்பங்கள் அப்பா அம்மா பெயரில் பல்கலைக்கழகத்துக்கு வைப்புநிதி (அசலைத் தொடாமல், வட்டியில் வருஷா வருஷம் பரிசு கொடுக்கும் ஏற்பாடு) கொடுக்கக் கிளம்பியிருக்கின்றன. ரொம்ப நல்ல காரியம். ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் பத்திர வரைவுகளில், முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் எழுதிய அதே வரிகள் அப்படியே இருக்கின்றன. ரசீது வாங்குங்கள், செக்கில் பெயரைச் சரியாக எழுதுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

வட்டி முழுவதையும் செலவழிக்கச் சொல்வது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1990களின் நடுவில் பெரியப்பா எங்கள் பாட்டி பெயரில் 50,000 ரூபாய் வைத்தார். அப்போது வட்டி 12 சதவீதம், வருஷத்துக்கு 6,000 வரும், பவுன் நாலாயிரத்தை ஒட்டி இருந்தது. எம்.ஏ. தமிழில் முதலிடம் வருபவருக்கு ஒரு பவுன் பதக்கம், மீதி செய்கூலிக்கு என்று கணக்கு கச்சிதமாக இருந்தது. பத்திரத்தில் 'ஆண்டு வட்டி முழுவதும்' என்று எழுதிவிட்டார்கள். அதனால் அசல் 50,000-த்திலேயே நின்றது, வட்டி ஆறேழு சதவீதமாக இறங்கியது, 2025-ல் பவுன் எண்பதாயிரத்தைத் தாண்டியது. இப்போது வரும் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு அரை கிராம் தங்கம்கூட வராது. பதக்கம் அரைப் பவுனாகி, அப்புறம் முலாம் பூசிய வெள்ளியாகிவிட்டது. கடைசியாக வாங்கிய பெண்ணிடம் கேட்டுக் கையில் வைத்துப் பார்த்தேன், பாட்டி பெயரின் முதல் எழுத்தில் முலாம் உரிந்து வெள்ளை தெரிந்தது.

வட்டியில் மூன்றில் ஒரு பங்கு அசலோடு சேர வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இந்நேரம் அசல் ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கும். அப்போதும் தங்கத்தைப் பிடித்திருக்க முடியாதுதான். அதனால் பவுன், கிராம் என்று எழுதவே எழுதாதீர்கள், 'பதக்கமோ பரிசுத்தொகையோ' என்று எழுதுங்கள். பரிசு கொடுக்காத வருஷத்து வட்டியும் அசலில் சேரட்டும். 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழ அண்ணாமலை செட்டியார் தம் கல்லூரிகளோடு கொடுத்த தொகை 20 லட்சம். இன்று அது ஒரு மூத்த பேராசிரியரின் ஒரு வருஷச் சம்பளத்துக்கே போதாது. பணம் அப்படித்தான் கரையும்.

ஒரே பாடத்தின் பெயரை எழுதுவது

பாடப்பிரிவை மூடினால் பரிசு அதற்கு நெருங்கிய துறைக்குப் போகட்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

சின்னத் தொகையில் ஆய்விருக்கை கேட்பது

ஆய்விருக்கை என்றால் வைப்புநிதியின் வருமானத்தில் நிரந்தரமாக ஒரு பேராசிரியர் பதவி. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர், தமிழக அரசே 10 கோடி ரூபாய் கொடுத்தது. நம் கையில் சில லட்சம்தான் இருக்கிறதென்றால் வருஷத்துக்கு ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவு போதும்.

வரிக் கழிவை நம்பிக் கொடுப்பது

நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி என்று சொல்லிப் பழகியது) பழைய வரிமுறையில் மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அங்கேயும் கிடையாது.

பிரெஞ்சு பாஸ்போர்ட்டை மறப்பது

புதுச்சேரிக்காரர்கள் இதைக் கவனியுங்கள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் முத்தியால்பேட்டையாக இருக்கலாம், இங்கேயே குடியிருக்கலாம், ஆனால் குடியுரிமை பிரான்சுடையது என்றால் நீங்கள் ரூபாயில் கொடுத்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. இந்தியக் குடிமகனாக பாரிசில் வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அப்படி இல்லை. ஆகவே யார் பெயரில் பணம் போகிறது என்பதை வீட்டில் முதலில் முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டா, எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் அனுப்புங்கள்.