குழந்தைக்கு கெல்டிக் பெயரா? பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கத்துப் பழைய மொழிகளின் குடும்பப் பெயர்தான் கெல்டிக்; அப்படித் தனியாக ஒரு மொழி இன்று கிடையாது. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மான்க்ஸ் மூன்றும் ஒரு கிளை; வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் இன்னொரு கிளை. ஒரு கிளையின் பேச்சு மற்றதற்குப் புரியாது. எனவே குழந்தைப் பெயர்ப் பட்டியலில் 'கெல்டிக் பெயர், பொருள்: வலிமை' என்று மட்டும் போட்டிருந்தால், எந்த மொழி என்று முதலில் கேளுங்கள். மேகன் என்ற பெயரை ஐரிஷ் என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது வேல்ஸில் மார்கரெட்டுக்கு வைத்த செல்லப்பெயர். மார்கரெட்டுக்கு வேர் கிரேக்கம், பொருள் முத்து.

'மிகப் பழமையான பெயர்' என்பதும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய வரி. சுதந்திரம் என்று பொருள்படும் சியர்ஷா, அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்தை ஒட்டி 20ஆம் நூற்றாண்டில் பெயரானது. ஃபியோனா பரவலானதில், 1890களில் ஃபியோனா மெக்லியோட் என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் ஷார்ப் என்ற ஆணுக்குப் பெரிய பங்கு உண்டு! ஐரிஷ் பெயர்களான ஷானும் ஷிவானும், அயர்லாந்துக்குப் படையெடுத்து வந்த நார்மன்களின் பிரெஞ்சு வழியாக வந்தவை; எபிரேய வேர் கொண்ட ஜான் என்ற பெயரின் குடும்பம். நல்ல பெயர்கள்தான், ஆனால் அவற்றின் பொருளை எபிரேயத்தில்தான் தேட வேண்டும்.

அடுத்து எழுத்து. ஐரிஷில் எம், எச் சேர்ந்தால் பெரும்பாலும் 'வ' ஒலி. என்-ஐ-ஏ-எம்-எச் என்று எழுதுவதை 'நியாம்' என்று படித்தால் தவறு. 'நீவ்' என்பதே சரி. உயிரெழுத்தின் மேல் வரும் சாய்ந்த கோடும் அலங்காரம் அல்ல. ஷான் என்ற பெயரில் அந்தக் கோட்டை விட்டுவிட்டால், ஐரிஷில் 'பழைய, வயதான' என்று பொருள்படும் சொல் ஆகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த குழப்பம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. கேலிக்கிலும் விளிவேற்றுமை உண்டு, ஆனால் அங்கே கூப்பிடும்போது பெயரின் முதல் ஒலியே மாறும். மாரி என்பவளை அழைத்தால் 'வாரி', ஷேமஸை அழைத்தால் 'ஹேமிஷ்'. கேலிக் தெரியாதவர்கள் காதில் விழுந்த அழைப்பையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். நம்மூரில் முருகனை 'முருகா' என்று பதிவேட்டில் எழுதியது போல. சரி, வாரியும் ஹேமிஷும் இன்று நிலைத்துவிட்ட பெயர்கள். யாரும் திருத்தப் போவதில்லை. ஆனால் ஹேமிஷுக்கும் ஷேமஸுக்கும் தனித்தனிப் பொருள் போட்ட பட்டியலைப் பார்த்தால் மூடிவிடுங்கள்.

வெல்ஷில் பெயரின் கடைசியைக் கவனிக்க வேண்டும். 'வின்' ஆண்பால், 'வென்' பெண்பால். ஆகவே பெண்ணுக்கு பிரான்வென். பிரான்வின் என்று எழுதுவது வேல்ஸுக்கு வெளியே பரவிய வழக்கம்.

பொருளை மட்டும் பார்த்துவிட்டுக் கதையை விடுவதும் உண்டு. ஐரிஷ் பழங்கதையின் நாயகி டெய்ர்ட்ரே பிறக்கும்போதே, இவளால் வீரர்கள் மடிவார்கள் என்று குறி சொல்லப்படுகிறது, காதலன் நீஷா வஞ்சகத்தால் கொல்லப்படுகிறான், அவளும் இறக்கிறாள். 'துயரம்' என்று பட்டியல்கள் தரும் பொருள் இந்தக் கதையிலிருந்து ஒட்டிக்கொண்டது.

அப்புறம், பெயர் அங்கே உண்மையில் வழக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'கொலீன்' ஐரிஷில் வெறுமனே 'பெண்' என்ற சொல். பெயராக ஓடியது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும். அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் குழந்தைப் பெயர்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இலவசம்தான்.