ரேடியேட்டர் ஹோஸில் சேறு சேர்ந்திருக்கிறதா? வீட்டிலேயே பார்த்துவிடலாம்

எங்கள் வேலூர்ப் பக்கம் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்பு ஏடு கட்டியிருக்கும், தேய்த்தாலும் லேசில் போகாது. அதே தண்ணீரை வருடக்கணக்கில் காரின் ரேடியேட்டரில் (என்ஜினைச் சுற்றிவரும் தண்ணீரின் சூட்டைத் தணிக்கும் பாகம்) ஊற்றினால் உள்ளேயும் அதன் ரப்பர் குழாயான ஹோஸிலும் அப்படித்தான் படியும். துருவும் சேர்ந்துகொண்டால் சேறுதான்.

நான் வாங்கிய பழைய கார் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஏலகிரிக்குப் போக 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஒரு பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். சில வாரங்களில் மறுபடியும் சூடு. என்ஜினிலும் ஹோஸிலும் இருந்த பழைய சேறு புது ரேடியேட்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பணத்தை எடுப்பதற்கு முன் ஹோஸைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வது அதனால்தான்.

1. வண்டி ஆறட்டும்

இரவு நிறுத்திவிட்டு, காலையில் வெயில் ஏறும் முன் பாருங்கள். கத்திரி வெயிலில் ஓட்டி வந்த என்ஜின் அரை மணி நேரத்தில் ஆறாது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.

2. அமுக்கிப் பாருங்கள்

ரேடியேட்டரின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தடித்த கறுப்பு ஹோஸ் இரண்டு இருக்கும். நல்ல ஹோஸ் அமுக்கினால் சற்றே கொடுத்து, விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். சோற்றில் மண் கடிபடுவதுபோல உள்ளே நறநறவென்றால் உப்போ துருவோ பொருக்குக் கட்டியிருக்கிறது. ரப்பர் ஊதிக் கொழகொழவென்று இருந்தால், எண்ணெய் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

3. மூடியைத் திறந்து நிறம் பாருங்கள்

விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி மூடியின் உட்புறத்தையும் வாயையும் துடையுங்கள். சில கார்களில் ரேடியேட்டரில் மூடி இருக்காது, கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கின் மூடியைத்தான் பார்க்க வேண்டும். செம்மண் குழம்பாக ஒட்டினால் துரு. கூழ்போலத் திரண்டிருந்தால் ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்டைக் கலந்திருக்கலாம். பால் விட்ட காபி நிறத்தில் வழுவழுவென்று இருந்தால் என்ஜின் ஆயில் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டோ (என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரோ போயிருக்கக்கூடும். அதற்குமேல் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

4. பாட்டில் சோதனை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, கொஞ்சம் கூலன்டைத் தெளிவான பாட்டிலில் பிடித்து, ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் தங்கியிருந்தால் துரு, உப்பு. மேலே படலமாக மிதந்தால் எண்ணெய். என் பாட்டிலின் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் செங்கல் நிற வண்டல் நின்றது. கழற்றிய பழைய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்சுவர் முழுக்க அதே நிறத்தில் ஓர் அடுக்கு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது.

பிடித்த கூலன்டைத் தரையில் கொட்டாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ ஆடோ நக்கினால் செத்துப்போகும்.

5. ஓடவிட்டு அடைப்பைத் தேடுங்கள்

கிளிப்பை இறுக்கி, பிடித்ததில் குறைந்துபோன கூலன்டை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் ஹோஸ் அப்போது சட்டென்று சுடும். ஆக்சிலரேட்டரை ஏற்றும்போது கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையானால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம், அல்லது ஹோஸே தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டரின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்தே இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும், கையும் துப்பட்டாவும் பத்திரம்.

6. கழுவுதல்

துருவும் உப்பும் மட்டும் என்றால் நீங்களே கழுவலாம். பழையதை வடித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி ஓடி நிற்கும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். ஆறியதும் வடியுங்கள். தெளிந்து வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஐந்து முறை ஆனது. அப்புறம் ஹோஸையும் கிளிப்பையும் புதிதாகவே போட்டு, கார் கையேட்டில் சொன்ன கூலன்டை ஊற்றிவிடுங்கள். உள்ளே காற்று தங்கியிருக்கும், அதனால் காட்பாடி வரை ஒரு சுற்று போய்வந்து, ஆறவிட்டு, அளவை மறுபடியும் பார்த்து நிரப்புங்கள்.